பேர்பெச்சு அக்காவின் கோடரிகள்

பஸ் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பேர்பெச்சு அக்காவின் கண் விளக்கில் இருப்பதில்லை. வீதியோரத்து வேலிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். சாரதியின் இருக்கை உயரமானது. காரில் போகிறவர்களுக்குத் தெரியாத வளவுகள் எல்லாம் அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் பழைய கொட்டிலை இடிக்கிறார்கள், எந்த வீட்டில் கிழவர் காலமாகி மகன் சாமான்களை வாசலில் அள்ளிப் போடுகிறான் என்பதெல்லாம் ஜெர்மனியின் ஹம் நகரில் தபால்காரருக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும். விளக்குப் பச்சையாகி, பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹோர்ன் அடித்தால், "பொறு மோனை, பாத்திட்டன்" என்று தமிழில் பதில் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸை எடுப்பார்.

வேலை முடிந்ததும் சில்லுப் பூட்டிய சந்தைப் பையை இழுத்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வருவார். பையின் மேலே இரண்டு லீக்ஸ் தண்டுகள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஊர்க் கண்ணுக்காக. அடியில், பழைய துவாயில் சுற்றி, கறள் பிடித்த கோடரி ஒன்று படுத்திருக்கும். ஏன் ஒளிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, பஸ் ஓட்டுற பொம்பிளை கோடரியோடை றோட்டிலை போறதைக் கண்டால், நாளைக்கு என்ரை பஸ்ஸிலை ஆர் ஏறுவினம்?"

ஆள் கட்டை. நீல நிறச் சாரதி ஜாக்கெற் முழங்காலைத் தொடும். அதன் ஒரு பொக்கற்றில் செபமாலை. மற்றப் பொக்கற்றில் விரல் நீளத்துக்கு உடைந்த ஒரு அரத்துண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகும் வழியில் பழஞ்சாமான் சந்தைக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒரு கோடரியைக் கண்டால் அரத்துண்டை எடுத்து அதன் வாயில் ஒரு இழுப்பு இழுத்து, காதைக் கிட்டக் கொண்டுபோய்ச் சத்தத்தைக் கேட்பார். அரம் கடித்தால் இரும்பு மெது. வழுக்கினால் நல்ல உருக்கு. இவ்வளவுதான் சோதனை. அங்கே கடை விரிக்கிற ஜெர்மன்காரர்கள் இவரைக் 'கோடரி அம்மா' என்று தங்கள் மொழியில் அழைக்கிறார்கள். இவருக்கு அதில் பெருமைதான், ஆனால் காட்டிக்கொள்ளமாட்டார். விலை பேசும்போது பெருமையைக் காட்டினால் விலை ஏறிவிடும்.

ஒன்று கவனித்திருக்கிறேன். கோடரியை அவர் தலையில் பிடித்துத்தான் தூக்குவார். இரும்பைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், முத்திரை ஏதும் இருக்கிறதா என்று எச்சில் தொட்டுத் தேய்ப்பார். பிடி தன் பாட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அதை ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

"இரும்புதான் தம்பி ஆள். பிடி எண்டது சட்டை. நைஞ்சால் கழட்டிப்போட்டு வேறை போடவேண்டியதுதான்."

இந்தப் பைத்தியம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார். எனக்குச் சொன்னது, யாரோ ஒரு பயணி பஸ்ஸில் மறந்து விட்டுப் போன கோடரியைத் தேடி ஒருவரும் வரவில்லை என்று. என் மனைவி பத்மாவுக்குச் சொன்னது, கணவருடன் சண்டை பிடித்துக்கொண்டு வெளியே போனபோது கோபத்தில் வாங்கியது என்று. கணவர் அமலதாஸ் அண்ணையிடம் கேட்டேன். "எனக்கு ஒண்டும் தெரியாது. ஒருநாள் குளிக்கப் போனன். தொட்டிக்குள்ளை கிடந்தது" என்றார்.

அது முழு உண்மை. கறள் கழற்றுகிற முதல் வேலை குளியல் தொட்டியில்தான் நடக்கிறது. மலிவு வினாகிரியைப் போத்தல் போத்தலாக ஊற்றி, இரும்பை ஒரு இரவு ஊறப் போடுவார். மறுநாள் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, கம்பி பிரஷால் தேய்த்து, கீழே கொண்டுபோய் அரத்தாலும் சாணைக்கல்லாலும் வாயைத் தீட்டுவார். மின்சாரச் சாணையைக் கிட்டவும் எடுக்கமாட்டார். சூடு ஏறினால் உருக்கின் உயிர் போய்விடும் என்பது அவருடைய கட்சி. தீட்டி முடிந்ததா என்று பார்க்க இடது முன்கையில் மயிரை வழித்துப் பார்ப்பார். அதனால் அந்தக் கை எப்போதும் குழந்தையின் கைபோல் வழுவழுப்பாக இருக்கும். அந்த வீட்டுக்குப் போனால் சாப்பாட்டில் ஒரு மெல்லிய வினாகிரி வாசம் இருக்கத்தான் செய்யும். அமலதாஸ் அண்ணைக்கு அது பழகிவிட்டது. எங்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

கோடரிகளுக்குப் பெயர் வைப்பார். எந்தப் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் கிடைத்ததோ அந்தத் தரிப்பிடத்தின் பெயர். கல்லறைத் தோட்டத்தடியில் கிடைத்த 'சேமக்காலை' என்பது அகலமான வாயுள்ள மரம் சீவுகிற கோடரி. 'நீச்சல் தடாகம்' இரண்டும் கைக்கோடரிகள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்தது 'ரயில் நிலையம் மேற்கு'. மினுங்குகிற கடதாசியில் சுற்றி, மேலே றிபன் கட்டி, மணவறையில் வைத்து நீட்டினார். என் மாமியார் கடதாசியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியும் பாண் வாட்டுகிற ரோஸ்டரும் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. 'ரயில் நிலையம் மேற்கு' இன்றைக்கும் தேங்காய் உடைக்கிறது.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, வெட்டாத கோடரி வீட்டில் இருக்கக்கூடாது. "வெட்டாத கோடரியை வச்சிருக்கிறதிலும் பாக்க உலக்கையை வச்சிருக்கலாம்." இரண்டாவது, ஒட்டுப் போட்ட பிடி கூடாது. பிடி ஒரே மரமாக, நார் நேராக ஓட வேண்டும். இரண்டு துண்டை ஒட்டிச் செய்த பிடி, ஓங்கி வெட்டும்போது கழன்று ஆளைக் கொன்றுவிடும். சந்தையில் ஒட்டுப் பிடி எதையும் கண்டால் சாவீட்டைக் கடக்கிறவர்போல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கடந்து போவார்.

பட்டறை இருப்பது கட்டடத்தின் நிலக்கீழ் அறையில். இங்கே அதை எல்லோரும் கெல்லர் என்போம். அக்காவின் பங்குக்கு உள்ள கெல்லர் இரண்டு சைக்கிள் வைக்கத்தான் காணும். பெரிய கெல்லர் தரைமாடியில் குடியிருக்கிற ஹெர் டீட்மாருடையது. மனைவி காலமான பிறகு அவர் அதன் பூட்டுத் திறப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டார். வாடகை இல்லை, ஒப்பந்தம் இல்லை. "எனக்கு அங்கே வைக்க ஒன்றும் இல்லை. உங்களுக்கு நிறைய இருக்கிறது" என்றாராம். அவர் பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை; சுரங்கத்தில் போனவை. இப்போது கண்ணும் போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும்.

பின்னேரங்களில் சுவரைப் பிடித்தபடி கெல்லருக்கு இறங்கி வருவார். அவருக்கென்று ஒரு கதிரை உண்டு. வானொலியில் உதைபந்தாட்டம் கேட்பார். அக்கா அரம் தேய்ப்பார். எதிரணி கோல் போட்டால் அரத்தை நிறுத்திவிடுவார், அவருக்காக வருந்துகிறாராம். அக்கா போட்டுக் கொடுக்கிற கோப்பியை ஹெர் டீட்மார் அந்த வலக்கையால்தான் குடிப்பார், மிஞ்சிய இரண்டு விரலாலும் பெருவிரலாலும் கோப்பையைக் கவ்விப் பிடித்து. இடக்கை நடுங்கும். நான் கண்டவரை இருவரும் அதிகம் கதைப்பதில்லை. ஒருவரையொருவர் 'ஹெர் டீட்மார்', 'ஃப்ராவ் பேர்பெச்சுவா' என்று மரியாதையாகவே அழைத்துக்கொள்வார்கள். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்த கிழமையில் அக்கா கெல்லருக்குப் போகவே இல்லை. கேட்டால், குளிர் என்றார்.

இனிச் சொல்லப்போவது ஒரு மார்கழியிலும் அதை அடுத்த தையிலும் நடந்தது.

தனியே இருக்க முடியாது என்று மகன் முடிவு செய்ததால், தை மாதக் கடைசியில் ஹெர் டீட்மார் முதியோர் இல்லத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஒரே ஒரு அறை. கட்டில், அலுமாரி, மேசை எல்லாம் அங்கேயே இருக்கும். எதை எடுத்துக்கொண்டு போகப்போகிறீர்கள் என்று அக்கா கேட்டபோது, கெல்லரின் மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சாக்குத் துணிக்குள் ஒரு கைக்கோடரி. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் சுத்தியல், கட்டைப் பிடி. சுரங்கத்துக்குள் மரத்தூண்களை வெட்டி நிறுத்த அவர் கொண்டு திரிந்தது. இரும்பு முழுக்கக் கறள்.

"இதை மட்டும் கொண்டுபோகிறேன். ஒழுங்காக்கித் தருவீர்களா?" என்று கேட்டார்.

அக்காவுக்குத் தலைகால் தெரியவில்லை. இத்தனை காலம் சேர்த்ததில் அவரிடம் ஒரு சுரங்கக் கோடரியும் இல்லை. அதுவும் இவ்வளவு நாளும் தன் பட்டறை மூலையிலேயே கிடந்திருக்கிறது! வேலை முடிந்து வந்து, கோப்பியும் குடிக்காமல் கெல்லருக்கு இறங்கினார். வினாகிரிக்குள் ஊறி எழும்பிய இரும்பில் ஒரு முத்திரையும் ஒரு இலக்கமும் தெளிந்தபோது எனக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினார். நான் போய்ப் பார்த்தேன். உண்மையில் வடிவான இரும்பு.

பிடிதான் அசிங்கமாக இருந்தது. கரியும் வேர்வையும் ஊறிக் கறுத்து, தார் பூசியதுபோல் இருந்தது. கை பிடிக்கிற இடத்தில் ஒரு பக்கம் ஆழமாகக் குழி விழுந்திருந்தது.

"ஆரோ விசரன் கத்தியாலை கிண்டி வச்சிருக்கிறான். பாரும், நல்ல மரத்தைப் பழுதாக்கி" என்றார் அக்கா. நானும் பார்த்துவிட்டு ஓம் என்று தலையாட்டினேன். அவர் மரம் அறுக்கிற வாளை எடுத்து, இரும்புக்குக் கீழே பிடியை அறுத்து, மிச்சத்தைச் சாக்குக்குள் எறிந்தார்.

இந்தச் சாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுத்தெடுத்த பழைய பிடிகள் எல்லாம் வருடம் முழுவதும் அதற்குள் சேரும். தை பிறந்ததும் சாக்கு எங்கள் தமிழ்ப் பாடசாலைக்குப் போகும். பொங்கலுக்குப் பிறகு வருகிற சனிக்கிழமை, பாடசாலை மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் பானை வைக்கிறோம். தை மாதத்து ஜெர்மனியில் கடையில் வாங்குகிற விறகு புகைக்குமே தவிர எரியாது. ஆனால் கோடரிப் பிடி, அரை நூற்றாண்டாகக் காய்ந்து கிடக்கிற மரம். நெருப்பைக் காட்டினால் போதும். பேர்பெச்சு அக்கா கோவிலில் மெழுகுதிரி ஏற்றுகிறவர், சூரியனுக்குப் பொங்குகிறவர் அல்ல. என்றாலும் அவருடைய சாக்கு வராமல் எங்கள் பொங்கல் அடுப்புப் பற்றியதில்லை. கோடரிப் பிடியில் பொங்குகிற தமிழர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

புதுப் பிடிக்கு அக்கா நல்ல நார் ஓட்டமுள்ள மரத்தைத் தேர்ந்தெடுத்தார். செதுக்கி, தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, அதை ஒரு பிள்ளைபோல வளர்த்தார். அவர் செய்த பிடிகளில் அதுதான் திறம். எனக்கே தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. சனிக்கிழமை காலை, பொங்கலுக்குப் போகும் முன் அதைக் கொடுப்பதாக முடிவு. "வாரும் தம்பி. அந்த மனுசன் சந்தோசப்படுறதைப் பாக்கவேணும்" என்று என்னையும் கூப்பிட்டார்.

ஹெர் டீட்மாரின் வீடு முழுக்கப் பெட்டிகள். அவர் மேசைக்கு முன்னால் இருந்தார். அக்கா கோடரியை, பிடிப் பக்கம் அவரை நோக்கியிருக்கும்படி, இரண்டு கையாலும் நீட்டினார். அவர் வாங்கினார். கை பிடியில் மேலே போனது, கீழே வந்தது. கோடரியைத் திருப்பி மறுபக்கம் தடவினார். பிறகு மறுபடி முதல் பக்கம். மிஞ்சிய விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. அக்கா சிரித்தபடி காத்துக்கொண்டு நின்றார்.

"நல்ல வேலை, ஃப்ராவ் பேர்பெச்சுவா" என்றார் அவர். "இது யாருடையது?"

"உங்களுடையது" என்றார் அக்கா.

அவர் இரும்பைத் தொட்டார். சுத்தியல் முனையைத் தொட்டார். "ஆமாம், இது என்னுடையது" என்றார். பிறகு வலக்கையை உயர்த்திக் காட்டி, சாதாரணமாக, காலநிலையைப் பற்றிச் சொல்கிறவர்போலச் சொன்னார். விரல்கள் போன பிறகு பிடி கையில் நிற்கவில்லையாம். வேலையை மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், இந்தக் கைக்கு அளவாக அவரே கத்தியால் ஒரு குழி செதுக்கினாராம். பிறகு கீழே விளக்கு அணைந்தாலும், பத்துக் கோடரி ஒன்றாகக் கிடந்தாலும், தொட்டவுடன் தன்னுடையது எது என்று தெரியுமாம். "இப்போது எனக்கு எப்போதும் விளக்கு இல்லை அல்லவா? அதனால்தான் கேட்டேன்."

அக்காவின் கண் அந்தக் கையிலேயே நின்றது.

"பரவாயில்லை" என்றார் அவர். கோடரியை மேசையில் வைத்து, மெதுவாக அக்காவின் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே வைத்திருங்கள். உங்கள் சுவருக்கு அழகாக இருக்கும்."

அந்தப் பரவாயில்லைதான் பொறுக்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் எடுத்துப் போவதாகச் சொன்னது ஒரே ஒரு பொருள். அதையும் மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டார். அந்த இடத்தில் நிற்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார். "சாக்கு எங்கை தம்பி?"

"நேற்றே பாடசாலைக்குக் கொண்டுபோய்ட்டினம் அக்கா."

இத்தனை வருடத்தில் வேக எல்லையை ஒரு கிலோமீற்றர் தாண்டாத சாரதி, அன்றைக்குத் தன் காரை ஓட்டும்போது வீதியில் இருந்த கமராக்களைப் பார்க்கவே இல்லை. நான் பத்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பானைக்குப் பக்கத்தில் நிற்கிறவள் எங்கே தொலைபேசியைக் கேட்கப்போகிறாள்? அக்கா ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"அவரின்ரை விரலை நான் காணாத நாளில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கையிலைதானே கோப்பியைக் குடுத்தனான். காணாத நாளில்லை தம்பி."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கார்த் தரிப்பிடத்தின் நடுவில் இரும்பு முக்காலியில் பானை. சுற்றிவரக் குடைகள். அடுப்பு நன்றாகப் பிடித்திருந்தது. பிடிகளின் அறுத்த பக்கம் உள்ளே, பருத்த நுனிகள் வெளியே. சாக்கு வெறுமையாகக் கிடந்தது. பால் நுரைத்து விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கத்துவதற்கு மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார்கள். பாடசாலையை நடத்துகிற பிரபாலினி ரீச்சர், அகப்பையுடன், எந்தப் பக்கம் வழியப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா குடைகளுக்குள் புகுந்து அடுப்புக்கு முன்னால் குந்தினார். ஒவ்வொரு நுனியாகப் பார்த்துக்கொண்டு போனார். பானைக்குப் பின்பக்கம், கறுத்த நுனி ஒன்று, பக்கத்தில் குழியோடு. அறுத்த பக்கம் எரிந்துகொண்டிருந்தது. நெருப்பு மேலே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்ன செய்யிறியள்? பொங்க முதல் விறகை இழுக்கக் கூடாது! அக்கா!"

ரீச்சரின் குரல் முடியுமுன் அக்கா அதைப் பிடுங்கி எடுத்துவிட்டார். முக்காலி ஆடியது. பானை ஒரு பக்கம் சரிந்து, யாரோ துணியால் பிடித்து நிமிர்த்தினார்கள். ஏறிய நுரை சர்ரென்று இறங்கிப் போனது. தைப்பொங்கலில், பால் வழிகிற நேரம், அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்திருக்கிறார் ஒருவர். கிழவிகள் சிலர் வாயில் கை வைத்தார்கள். சட்டப்படி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் அக்கா அந்தப் பிடியைத் தோய்த்தார். ஆவி அவர் முகத்தை மூடியது.

"என்னக்கா இது? ஒரு தடிக்கோ?" என்றார் ரீச்சர். அழுதுவிடுவார்போல இருந்தது.

"தடியில்லைப் பிள்ளை. இது இன்னொருத்தற்றை கை. எரிய விடேலாது" என்றார் அக்கா. "மன்னிச்சுக்கொள். நான் நிண்டு பொங்க வைக்கிறன்."

நின்று பொங்கவும் வைத்தார். சுட்ட விரல்களை வாய்க்குக் கிட்டப் பிடித்து ஊதிக்கொண்டு, மற்றக் கையால் நெருப்பைத் தள்ளிக் கொடுத்து, பால் மறுபடி ஏறி வழியும் வரை அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. வழிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். ஆனால் எங்கள் சனம் இலேசில் விடுமா? பாடசாலைப் பையன் மிதுஷன் ஜெர்மன் பாடத்தில் குறைந்த புள்ளி எடுத்ததற்கும், மண்டபத்துக் கூரை ஒழுகியதற்கும், பஸ் கட்டணம் கூடியதற்கும்கூட அந்தக் கொள்ளியைத்தான் காரணம் சொன்னார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கெல்லருக்குப் போனேன். எரிந்த பகுதியை வெட்டி எறிந்த பிறகு பழைய பிடியில் ஒரு சாண் மிஞ்சியிருந்தது. குழி அப்படியே இருந்தது. புதுப் பிடி, அந்தத் திறமான பிடி, ஏற்கெனவே இரண்டாக அறுக்கப்பட்டிருந்தது. அதன் மேல் துண்டு இரும்பிலேயே இறுகி நிற்க, கீழ் முனையைச் சரிவாக நீளச் சீவி, பழைய துண்டையும் அதே சரிவில் சீவி, பசை போட்டு, இரண்டு மர ஆணி அடித்து இறுக்கி வைத்திருந்தார். ஒட்டுப் பிடி. பேர்பெச்சு அக்காவின் கையால் செய்த ஒட்டுப் பிடி. அவரே சொன்னார்.

"வெட்டேலாது தம்பி. ஒரு கொத்துக்குத் தாங்காது."

முதியோர் இல்லத்தில் கூர் இருந்தால் விடமாட்டார்கள் என்று மகன் சொல்லியிருந்தார். அதற்கும் அன்றைக்குத்தான் வேலை. எந்த வாயைத் தீட்டி முன்கை மயிரை வழித்துப் பார்த்தாரோ, அதே வாயில் அரத்தைக் குறுக்கே வைத்துத் தேய்த்தார். விரல்களில் இன்னும் கட்டு. தேய்த்து, பெருவிரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி தேய்த்தார். பழைய துண்டின் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மட்டும் தொடவில்லை. "அது கிடக்கட்டும்" என்றார்.

ஹெர் டீட்மார் இல்லத்துக்குப் போன பிறகுதான் பசை முழுதாகக் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அக்காவும் நானும் போனோம். சந்தைப் பையில் வழமைபோல மேலே லீக்ஸ். வாசலில் இருந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்னேரக் கோப்பி நேரம். சன்னலோர மேசையில் கோப்பையை அவருடைய வலக்கைப் பக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அறை துப்புரவாக, யாருடைய அறையும் அல்லாததுபோல் இருந்தது. அக்கா வணக்கம் சொல்லிவிட்டு, துவாயைப் பிரித்து, கோடரியை நீட்டினார்.

அவர் கை பிடியைத் தொட்டது. பெருவிரல் நகர்ந்தது. குழிக்குள் போய் இருந்தது. மிஞ்சிய விரல்கள் மறுபக்கம் வந்து தாமாகப் பொருந்திக்கொண்டன. அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு இடக்கை விரல்கள் பிடியில் மேலே ஏறின. ஒட்டு வந்த இடத்தில் நின்றன. அங்கேயே முன்னும் பின்னும் தடவின.

"என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"நெருப்பில் போட்டுவிட்டோம்" என்றார் அக்கா. "என் பிழை. பால்சோறு காய்ச்சினோம். அதற்குள் இருந்து எடுத்தேன்."

அவர் பெருவிரலால் குழியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"சோறு நன்றாக வந்ததா?"

"வந்தது. வழிந்தது."

"அப்படியானால் சரி" என்று சொல்லித் தலையாட்டினார். கோடரியை மடியில் வைத்து, இடக்கையை எடுத்துவிட்டு, வலக்கையால் பிடித்தபடியே இருந்தார். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோப்பியின் வாசம் வந்திருக்க வேண்டும். வலக்கை பழக்கத்தில் மேசைப் பக்கம் எழும்பியது. கோடரியும் சேர்ந்து எழும்பியது. அந்தரத்தில் நின்று, மறுபடி மடிக்குத் திரும்பியது. விரல்கள் பிடியை விடவில்லை.

பேர்பெச்சு அக்கா கோப்பையை எடுத்து மேசையின் மற்றப் பக்கம் கொண்டு வந்தார். நடுங்குகிற அந்த இடக்கையில் அதைக் கொடுத்து, சிந்தாமல் அடியில் தன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.